ஜெம்மாவிலிருந்து பிக்மி சன்டியூ வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிக்மி சன்டியூ என்பது காசு அளவேயான, பூச்சி பிடித்துத் தின்னும் செடி. அதன் ஜெம்மாவை யாராவது பகிர்ந்துகொண்டால் போதும், அடுத்த வாரமே கேள்விகள் வரிசைகட்டி வரும். திரும்பத் திரும்ப என் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை, எந்தக் கேள்வியில் இருக்கிறது என்று மட்டும் குறித்திருக்கிறேன். அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. ஜெம்மான்னா என்ன? விதை மாதிரியா?

விதை இல்லை. செடியே தன் நடுக்குருத்தில் உருவாக்கும், உருமாறிய குட்டி இலை அது. பெரும்பாலான இனங்களில் ஒரு மில்லிமீட்டர் அளவில், பச்சையாக, சற்றே தட்டையாக இருக்கும். பூவும் மகரந்தச் சேர்க்கையும் இதற்குத் தேவையில்லை. ஆகவே ஒரு ஜெம்மாவிலிருந்து வரும் செடி தாய்ச்செடியின் அச்சு அசல் நகல்.

இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு விடை தானாகத் தெரிந்துவிடும். விதைக்குக் கெட்டியான தோல் உண்டு, உறக்கநிலை உண்டு, டப்பாவில் போட்டு மாதக்கணக்கில் வைக்கலாம். ஜெம்மாவுக்கு இவை எதுவும் கிடையாது. உயிரோடு, ஈரத்தோடு, வேர்விடத் தயாராகவே உங்கள் கைக்கு வருகிறது. அது காத்திருக்காது.

2. செடி எவ்வளவு பெருசா வரும்? எந்த ஊர்ச் செடி இது?

பல இனங்களின் இலை வட்டம் 1 முதல் 2 செ.மீ. அகலம்தான். ட்ரோசெரா (சன்டியூக்களின் அறிவியல் பேரினப் பெயர்) ஆக்சிடென்டாலிஸ் போன்றவை ஒரு செ.மீ.கூட வராது. ட்ரோசெரா ஸ்கார்பியாய்டஸ் போன்ற சில தண்டுவிட்டுச் சில செ.மீ. உயரம் எழும்பும்.

சுமார் 50 இனங்கள் உண்டு. ஏறக்குறைய எல்லாமே ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில், பெர்த் நகரும் அடங்கிய பகுதியின் மணற்பாங்கான நிலங்களில் வளர்பவை. ட்ரோசெரா பிக்மேயா மட்டும் கிழக்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா, நியூசிலாந்து வரை பரவியிருக்கிறது. வெனிசுவேலா–பிரேசில் எல்லையில் உள்ள நெப்லினா மலையில் மட்டுமே வளரும் ட்ரோசெரா மெரிஸ்டோகாலிஸ் இந்தக் கூட்டத்துக்கு நெருங்கிய சொந்தம் என்று 2012இல் மரபணு ஆய்வு காட்டியது. இடையில் ஒரு பெருங்கடலே கிடக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

வளர்ப்பவர் கவனிக்க வேண்டியது அந்தத் தென்மேற்கு மூலையின் பருவநிலையைத்தான். அங்கே மழை குளிர்காலத்தில். கோடை வறண்டு காயும். செடி வளர்வதும், ஜெம்மா போடுவதும், ஒடுங்குவதும் எல்லாம் இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன.

3. என்கிட்ட கேபென்சிஸ் இருக்கு. அதுலயும் ஜெம்மா எடுக்கலாமா?

முடியாது. கேபென்சிஸ் பிக்மி அல்லாத வேறு வகை சன்டியூ, சன்டியூக்களில் ஜெம்மா போடுவது பிக்மி கூட்டம் மட்டுமே. கேபென்சிஸை இலைத்துண்டு, வேர்த்துண்டு, விதை எதிலிருந்தும் சுலபமாகப் பெருக்கலாம். பர்மானி போன்ற ஓராண்டு சன்டியூக்களுக்கு விதைதான் வழி.

4. முதல் தடவை வளர்க்கிறேன். எந்த இனத்துல ஆரம்பிக்கலாம்?

ஸ்கார்பியாய்டஸ், புல்கெல்லா, நிடிடுலா. இந்த மூன்றில் எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். என் ஓட்டு ஸ்கார்பியாய்டஸுக்கு. அதன் ஜெம்மா மற்றவற்றைவிடப் பெரிது, வெறுங்கண்ணுக்கே தெரியும், முளைத்த கன்றும் திடமாக இருக்கும்.

5. ஜெம்மா கைக்கு வந்தாச்சு. அடுத்த வாரம் லீவுல நிதானமா விதைக்கலாமா?

இன்றைக்கே விதைத்துவிடுங்கள். முடியவே முடியாது என்றால், சொட்டாத அளவுக்கு ஈரமான டிஷ்யூ தாளில் மடித்து, சிறிய ஜிப் பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீஸரில் வேண்டாம். இப்படி இரண்டு மூன்று வாரம் தாக்குப்பிடிக்கும், சில நேரம் அதற்கு மேலும் தாங்கும். ஆனால் நாளாக ஆகப் பையிலேயே வேர்விடும், பூஞ்சை பிடிக்கும். வேர்விட்டதை விதைக்க முடியாதா என்றால், முடியும். அந்த வேர் ஒடியாமல் எடுத்து வைக்கும் பொறுமைதான் வேண்டும்.

இதனால்தான் எப்போதும் சொல்வது, முதலில் தொட்டியைத் தயார் செய்யுங்கள், பிறகு ஜெம்மாவை வரவழையுங்கள் என்று.

6. மண் கலவை என்ன? கோகோபீட் போடலாமா?

பீட் பாசியும் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) சிலிக்கா மணலும் சரிபாதி. மணல் கிடைக்காவிட்டால் பெர்லைட் (சூட்டில் பொரித்த, எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்). உரம் கலந்த பீட், தோட்டமண், மக்கிய உரம், மண்புழு உரம் எதுவும் கூடாது. சத்தே இல்லாத மணலில் வாழப் பழகிய செடி இது. நாம் அன்போடு போடும் உரம்தான் அதைக் கொல்லும். மணலையும் கழுவிப் போடுங்கள். கடல்மணலில் உப்பும் சிப்பித்தூளும் இருக்கும், வேண்டாம்.

கோகோபீட்டின் சிக்கல் உப்பு. கட்டி கட்டியாக வருவதில் அது நிறையவே இருக்கும். தூய நீரில் பல முறை ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த நீரின் டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் உப்பு, கனிமங்களின் அளவு) 50 பிபிஎம்முக்குக் கீழே இறங்கும் வரை கழுவினால் சிலருக்கு வளர்ந்திருக்கிறது. என்றாலும் கையில் இருக்கும் ஜெம்மா அத்தனையையும் அதில் போடச் சொல்ல மாட்டேன்.

தொட்டியின் ஆழம் முக்கியம். மேலே ஒரு செ.மீ. இருக்கும் செடிக்குக் கீழே வேர் பல செ.மீ. இறங்கும். குறைந்தது 10 செ.மீ. ஆழம் கொடுங்கள், இன்னும் ஆழமாக இருந்தால் நல்லது. அகலம் குறைவாக இருந்தால் பரவாயில்லை.

7. வீட்டு ஆர்ஓ தண்ணீர் போதுமா?

டிடிஎஸ் மீட்டரால் அளந்து பாருங்கள். 50 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் போதும். குடிநீருக்கான பல ஆர்ஓ இயந்திரங்கள் சுவைக்காகக் கனிமங்களைத் திரும்பச் சேர்க்கின்றன, அந்த நீர் 50ஐத் தாண்டிவிடும். மழைநீரும் காய்ச்சி வடித்த நீரும் நம்பகமானவை. மினரல் வாட்டர் பாட்டில் வேண்டாம்.

தொட்டியை ஒரு தட்டில் வைத்து, தட்டில் 1 முதல் 2 செ.மீ. நீர் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். மேலிருந்து ஊற்றாதீர்கள். ஊற்றினால் ஜெம்மா இடம்பெயர்ந்து ஓர் ஓரமாகக் குவிந்துவிடும்.

8. எவ்வளவு ஆழத்துல விதைக்கணும்?

ஆழமே வேண்டாம். ஈரமான மண்ணின் மேல் வைத்தால் வேலை முடிந்தது. மேலே மண் தூவக் கூடாது, விரலால் அழுத்தவும் கூடாது.

நான் செய்வது இப்படி. கலவையை முன்னதாகவே நனைத்து, மேற்பரப்பைச் சமப்படுத்திவிடுவேன். பல்குத்தும் குச்சியின் நுனியை ஈரமாக்கி ஜெம்மாவைத் தொட்டால் அது ஒட்டிக்கொள்ளும். மண்ணைத் தொட்டதும் அங்கே தங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு செ.மீ. விடுங்கள். நிறைய இருக்கிறது, குச்சியால் எடுத்து மாளாது என்றால், ஒரு மூடி நீரில் மிதக்கவிட்டு, சொட்டுக்குழாயால் உறிஞ்சித் துளித்துளியாக விடலாம்.

9. தலைகீழா விழுந்துடுச்சு, இல்ல பக்கவாட்டுல கிடக்குது. நிமிர்த்தணுமா?

வேண்டாம். வேர் தானாகக் கீழே திரும்பும், குருத்து தானாக மேலே திரும்பும். நிமிர்த்துகிறேன் பேர்வழி என்று குச்சியால் நோண்டுவதுதான் ஆபத்து. ஜெம்மா முழுவதும் ஈரமண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மணல் துகளுக்கு மேல் அந்தரத்தில் நின்றால் காய்ந்துவிடும்.

10. பிளாஸ்டிக் போட்டு மூடி வைக்கட்டுமா?

காற்று மிகவும் வறண்டிருந்தால் முதல் சில நாள்கள் மட்டும் மூடலாம், ஓட்டையிட்டு. வேர் மண்ணில் இறங்கியதும் எடுத்துவிடுங்கள். இது திறந்தவெளிச் செடி, மூடிய கண்ணாடித் தொட்டிக்குள் நிரந்தரமாக வைத்தால் வெளிறிப்போய் நீளும், காற்றோட்டம் இல்லாமல் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். தட்டில் நீர் நின்றாலே செடிக்குப் போதுமான ஈரப்பதம் கிடைத்துவிடுகிறது.

11. முளைச்சுதா இல்லையான்னு எப்படித் தெரியும்? பத்து நாளா பார்த்துக்கிட்டே இருக்கேன்.

புதிய ஜெம்மாவாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் எடுங்கள், இந்தச் செடியில் பார்க்கவேண்டிய அழகெல்லாம் அந்த அளவில்தான் இருக்கிறது. முதலில் ஒரு முனையிலிருந்து வெள்ளையாக, முடியைப் போல ஒரு வேர் மண்ணை நோக்கி வளையும். பிறகு நடுவில் ஒரு பச்சைப் புள்ளி பிளந்து முதல் இலை வரும். அதில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே உணர்முடிகள் இருக்கும். ஆனாலும் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒட்டும் பசைத்துளி முழுசாக, மின்னிக்கொண்டு நிற்கும். பிறந்ததிலிருந்தே வேட்டைக்குத் தயார்.

ஜெம்மா பச்சையாக இருக்கும் வரை நம்பிக்கையோடு காத்திருங்கள். பழுப்பாகி, தொட்டால் குழைந்தால் போய்விட்டது. மண் வெப்பமாக இருந்தாலும் முளைப்பு தடுமாறும். பகலில் 25 டிகிரிக்குள், இரவில் அதைவிட நன்றாகக் குறைந்து இருப்பது சுகம்.

12. வெயில்ல வைக்கலாமா, நிழலா?

வெயில்தான். ஆனால் நிழலில் முளைத்ததை ஒரே நாளில் உச்சிவெயிலுக்குத் தூக்கிப்போகாதீர்கள். காலை வெயிலில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். நல்ல ஒளியில் பல இனங்கள் சிவக்கும், ஒளி போதாவிட்டால் பச்சையாகவே இருந்து இலைக்காம்பு நீளும். வீட்டுக்குள் எல்இடி விளக்கில் வளர்ப்பவர்கள் வளரும் பருவத்தில் நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் கொடுக்கலாம்.

13. மண்ணு மேல பச்சையா பாசி படருது. கன்னு மூழ்கிடும் போல இருக்கே?

வழவழப்பான பச்சைப்படலம் என்றால், தட்டு நீரைச் சற்றுக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். மேற்பரப்பில் மெல்லிய அடுக்காகக் கழுவிய சிலிக்கா மணலை விதைப்பதற்கு முன்பே பரப்பிவைத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

குத்துக்குத்தாக நிற்கும் பாசிச்செடி என்றால் கதையே வேறு. நம் செடி இவ்வளவு குட்டி என்பதால் அது ஒரு பருவத்திலேயே மூடிவிடும். ஊசிமுனை இடுக்கியால் சின்னதாக இருக்கும்போதே பிடுங்கி எடுங்கள். வளர்ந்தபின் பிடுங்கினால் சன்டியூவின் வேரும் கூடவே வரும்.

14. எல்லாத்தையும் ஒரே இடத்துல கொட்டிட்டேன். பிரிச்சு நடலாமா?

முளைக்காதவற்றை ஈரக்குச்சியால் இப்போதே நகர்த்திவிடலாம். முளைத்தவற்றைத் தொடாதீர்கள். வேர் கலைவது பிக்மிக்குக் கொஞ்சமும் பிடிக்காது. கட்டாயம் மாற்றியே தீரவேண்டும் என்றால், குளிர்ந்த பருவத்தில், அடி மண்ணோடு சேர்த்துக் கட்டியாகப் பெயர்த்து அப்படியே இன்னொரு தொட்டியில் இறக்குங்கள். நெருக்கமாகவே விட்டாலும் கெட்டுப்போய்விடாது. அடுத்த பருவத்தில் ஜெம்மா எடுத்துச் சரியான இடைவெளியில் புதிதாகத் தொடங்கலாம்.

15. தீனி போடணுமா? எறும்பு பிடிச்சுப் போட்டேன், இலையே கருகிடுச்சு.

இலையைவிடப் பெரிய தீனி இலையை அழுகவைக்கும். எறும்பு இந்தச் செடிக்கு மிகப் பெரிது. திறந்த இடத்தில் இருந்தால் மண்ணில் துள்ளும் நுண்பூச்சிகளையும் குட்டி ஈக்களையும் அதுவே பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குள் இருந்தால், மீன்களுக்குப் போடும் செதில் தீனியை மாவாகப் பொடித்து, ஈரக்குச்சி நுனியில் ஒட்டும் அளவு மட்டும் எடுத்து, இலையில் தொட்டுவையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். மண்ணில் சிந்தினால் பூஞ்சைக்கும் பாசிக்கும்தான் விருந்து. இப்படி ஊட்டிய கன்றுக்கும் ஊட்டாததற்கும் வளர்ச்சியில் உள்ள வித்தியாசம் சில வாரத்திலேயே கண்ணுக்குத் தெரியும்.

16. கோடை வந்ததும் இலையெல்லாம் சுருங்கி, நடுவுல வெள்ளை முடி மாதிரி மட்டும் நிக்குது. செத்துப்போச்சா?

அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள். அந்த வெள்ளை முடி, இலையடிச் செதில்கள் ஒன்றுகூடி நடுக்குருத்தைப் பொதிந்து நிற்பது. இரண்டாம் கேள்வியில் சொன்ன வறண்ட கோடையைத் தாண்ட இந்தச் செடி கண்டுகொண்ட வழி அது. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பிவிடுகிறது, பொதி உள்ளே இருக்கும் குருத்தைக் காக்கிறது, ஆழமாக இறங்கிய வேர் அடியில் மிச்சமிருக்கும் ஈரத்தைத் தேடிக்கொள்கிறது.

தொட்டியில் வளரும் செடிக்கு முழு வறட்சி கொடுக்க வேண்டியதில்லை. தட்டு நீரைக் குறைத்து, மண் லேசான ஈரத்தில் இருக்கும்படி பாருங்கள். தட்டில் நீர் சூடேறித் தேங்கி நிற்பதுதான் இந்த நேரத்தில் வேரை அழுகவைக்கும். வெப்பம் தணிந்ததும் வெள்ளைப் பொதியின் நடுவே பச்சை எட்டிப்பார்க்கும். பல இனங்கள் தொடர்ந்து ஈரம் கிடைத்தால் ஒடுங்காமலே கோடையைக் கடந்துவிடுவதும் உண்டு.

17. பூ நிறைய வருது, ஆனா விதையே பிடிக்கல. ஏன்?

முதலில் பூவை ரசியுங்கள். கலிஸ்டோஸ், பிளாட்டிஸ்டிக்மா இரண்டும் நடுவில் கருமை படிந்த ஆரஞ்சு நிறப் பூ பூப்பவை. பூவே செடியை மறைத்துவிடும். மற்ற பிக்மிகளுக்கு ஐந்து இதழ் என்றால் பிக்மேயாவுக்கு நான்குதான். நல்ல வெயில் இருந்தால்தான் பூ விரியும்.

விதை பிடிக்காததற்குக் காரணம், இவற்றில் பல இனங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. உங்கள் தொட்டியில் முப்பது செடி இருக்கலாம். ஆனால் முப்பதும் ஒரே தாயின் ஜெம்மா என்றால், முதல் கேள்வியில் சொன்னபடி அவை எல்லாம் ஒரே செடிதான். விதை வேண்டுமென்றால் வேறு இடத்திலிருந்து அதே இனத்தின் வேறொரு செடி வேண்டும்.

18. எங்க ஊர்ல குளிர்காலமே கிடையாது. ஜெம்மா வருமா?

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. ஜெம்மா போடச்சொல்லி செடிக்குச் சேதி சொல்பவை இரண்டு. பகல் குறுகுவது, இரவு குளிர்வது. பெர்த் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 32 பாகையில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தின் குறுகிய பகல் சுமார் 10 மணி நேரம். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. அதனால் திறந்தவெளியில் வைத்த செடி நன்றாக வளர்ந்து பூத்தும்கூட ஜெம்மா போடாமல் இருக்கலாம், அல்லது அரைகுறையாகப் போடலாம்.

விளக்கு இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். நன்கு வளர்ந்த செடிக்கு ஒளி நேரத்தை 8 முதல் 10 மணியாகக் குறைத்துவிடுங்கள். மீதி நேரம் முழு இருட்டு, அறைவிளக்கு வெளிச்சம்கூட விழக்கூடாது. இரவில் அறையின் மிகக் குளிர்ந்த மூலையில் வையுங்கள். சில வாரங்களில் நடுக்குருத்து தடித்து வருவது தெரியும். ஸ்கார்பியாய்டஸும் புல்கெல்லாவும் இந்த உபாயத்துக்கு ஓரளவு மசிபவை. ஆனால் இரவுகூட 25 டிகிரிக்கு மேலேயே நிற்கும் இடம் என்றால், குளிரூட்டிய அறை இல்லாமல் ஆண்டுதோறும் ஜெம்மா எதிர்பார்க்காதீர்கள்.

19. நடுவுல குவியலா ஜெம்மா வந்திருக்கு. எப்ப, எப்படி எடுக்கிறது?

குவியல் தடித்து, ஜெம்மாக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு மேலெழும்போது குச்சி நுனியால் ஓரத்தில் லேசாகத் தொடுங்கள். முற்றியிருந்தால் தெறித்து விழும். தொட்டும் அசையவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள், கிள்ளி எடுக்காதீர்கள்.

அந்தத் தெறிப்புதான் இயற்கையின் ஏற்பாடு. இறுக்கமாக அடுக்கிய குவியலின் மேல் மழைத்துளி விழுந்ததும் ஜெம்மாக்கள் நாலாபக்கமும் சிதறும். நாம் எடுக்கும்போதும் அப்படியே ஓடிப்போகும் என்பதால், தொட்டியைச் சாய்த்துப் பிடித்து, கீழே ஈரமான வெள்ளைத் தாள் விரித்து, குச்சியால் தாள் இருக்கும் பக்கமாகத் தட்டுங்கள். ஜெம்மா போட்டு முடித்த தாய்ச்செடி சாவதில்லை, மறுபடி இலைவிட்டு வளரத் தொடங்கும். குவியலை எடுக்காமலே விட்டாலும் அதுவே உதிர்த்துவிட்டு வளரும், தொட்டி நெருக்கமாகும், அவ்வளவுதான்.

20. நடுக்குருத்துல அசுவினி. மருந்து அடிக்கலாமா?

மருந்துக்கு முன்னால் தண்ணீரை முயன்றுபாருங்கள். தொட்டியை முழுசாகத் தூய நீரில் ஒரு நாள், இரண்டு நாள் அமிழ்த்திவைத்தால் அசுவினி மூச்சுமுட்டிச் சாகும். செடி தாங்கிக்கொள்ளும், பசைத்துளி சில நாளில் திரும்ப வரும். ஜெம்மா போட்டிருக்கும் நேரம் என்றால் முதலில் அறுவடை செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் மிதந்துவிடும். இப்போதுதான் விதைத்த தொட்டிக்கும் இந்த வைத்தியம் ஆகாது.

21. புல்கெல்லா தொட்டியில வேற மாதிரி ஒண்ணு முளைச்சிருக்கு. உருமாறிடுச்சா?

உருமாறவில்லை, பக்கத்துத் தொட்டியிலிருந்து குதித்து வந்திருக்கிறது. பத்தொன்பதாம் கேள்வியில் சொன்ன தெறிப்பு தொட்டியின் விளிம்போடு நிற்பதில்லை. மழை படும் இடத்தில் பல இனங்களை அருகருகே வைத்தால் இரண்டே பருவத்தில் எது எது என்று சொல்ல முடியாதபடி கலந்துவிடும். இலை வட்டத்தை மட்டும் வைத்துப் பிக்மி இனங்களைப் பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே சிரமம். பூவையும் இலையடிச் செதிலையும் பார்த்தாக வேண்டும்.

ஜெம்மாப் பருவத்தில் தொட்டிகளை இடைவெளிவிட்டு வையுங்கள், மேலிருந்து நீர் படாமல் பாருங்கள், பெயர்ப்பலகையைப் பென்சிலால் எழுதுங்கள், மை வெயிலில் வெளுத்துவிடும். ஐயமுள்ள தொட்டியிலிருந்து எடுத்த ஜெம்மாவை இனப்பெயர் போட்டு யாருக்கும் கொடுக்காதீர்கள், ‘பெயர் தெரியாத பிக்மி’ என்றே எழுதிக் கொடுங்கள். அந்தப் பெயரோடுதான் அதன் நகல்கள் அடுத்தடுத்த கைகளுக்குப் போகப்போகின்றன.

22. வெளிநாட்டுல இருந்து தபால்ல வாங்கலாமா?

முதலில் உங்கள் நாட்டின் தாவர இறக்குமதி விதியைப் பாருங்கள். உயிருள்ள தாவரப் பகுதி என்பதால் பல நாடுகள் தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் கேட்கின்றன. இரண்டையும் வாங்கிக்கொண்டு வரவழைத்தாலும், வழியில் எத்தனை நாள் ஆகும் என்று ஐந்தாம் கேள்வியோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆகும் என்றால், அதுவும் வெப்பமான மாதம் என்றால், வாங்க வேண்டாம். உள்நாட்டிலேயே வளர்ப்பவர் ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் செடி ஜெம்மா போடும் மாதத்தைக் கேட்டுவைத்துக்கொண்டு, தொட்டியைத் தயாராக வைத்துக் காத்திருங்கள்.